எத்தனை ஓட்டு கொண்டு வருவார்?

ஜூலை 15, 2024, திங்கள்

மதியம் மீட்டிங்கில் இருந்தபோதே போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. டிரம்ப் தன் துணை அதிபர் வேட்பாளரைச் சொல்லிவிட்டார்: ஓஹையோ செனட்டர் ஜே.டி. வான்ஸ். வயது 39. செனட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2016-இல் டிரம்பைக் கடுமையாக விமர்சித்தவர். சனிக்கிழமைதான் பட்லரில் டிரம்பின் காதை உரசிக்கொண்டு குண்டு போனது. அதற்குள் மாநாடு, அறிவிப்பு எல்லாம் ஆகிவிட்டது.

ராத்திரி எட்டு மணிக்கு அப்பா போன். கும்பகோணத்தில் அப்போது காலை ஆறரை. காபி ஆயிற்று, பேப்பர் இன்னும் வரவில்லை.

“ஏம்மா, அந்தப் பையன் எத்தனை ஓட்டு கொண்டு வருவான்?”

அப்பாவுக்கு அரசியல் என்றால் கூட்டணிதான். யாருக்கு எந்த ஜில்லாவில் செல்வாக்கு, எத்தனை சீட்டுக்குப் படிவார்கள் என்ற கணக்கு. மாநிலம் வாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டோரல் ஓட்டு ஓஹையோவுக்கு 17, ஆனால் 2016, 2020 இரண்டு தடவையும் அது டிரம்புக்குத்தான் விழுந்தது என்றேன்.

“கையில இருக்கற ஊருக்கு எதுக்கு இன்னொரு ஆளு?”

பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து மாநிலங்களான பென்சில்வேனியா, மிச்சிகன் தொழிலாளர்களைக் குறிவைத்து என்று ஏதோ சொன்னேன். டிரம்பின் அறிவிப்பில் எங்கள் மின்னசோட்டாவின் பெயரும் இருந்தது.

துணை அதிபர் தேர்வின் கடைசிச் சுற்றில் இருந்த செனட்டர் மார்கோ ரூபியோவுக்கு ஒரு வினோதமான சிக்கல். அவரும் ஃப்ளோரிடா, டிரம்பும் ஃப்ளோரிடா. ஒரு மாநிலத்து எலெக்டர்கள் இரண்டு பதவிக்கும் தங்கள் மாநிலத்துக்காரருக்கே ஓட்டுப் போட முடியாது என்கிறது அரசியலமைப்பின் பன்னிரண்டாவது திருத்தம். ஃப்ளோரிடாவின் 30 ஓட்டில் கை வைக்க யாருக்கு மனசு வரும்? 2000-இல், டெக்சாஸ்காரரான புஷ்ஷுடன் துணை அதிபருக்கு நின்ற டிக் செனி இதற்காகவே டெக்சாஸிலிருந்து வயோமிங்குக்குத் தன் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டார். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. “அங்கயும் அட்ரஸ் மாத்தறானுங்களா!” வைப்பதற்கு முன், “பொண்டாட்டி ஆந்திரா பக்கமாமே?” என்றார். அந்தப் பெண்ணின் பெற்றோர் ஆந்திரா என்றேன். அதற்குள் பேப்பர் வந்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது தேர்தல் போட்டியிலிருந்து பைடன் விலகிய செய்தி. அடுத்த அரை மணியில் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு என்றும் சொல்லிவிட்டார். சாம்பாரில் புளி போட்டேனா இல்லையா என்று மறந்து இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் நாளைக்கே பேனர் கட்டிவிடுவார்கள். கமலாவின் தாத்தா ஊர்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றைக்கு வாஷிங்டனில் துணை அதிபர் இல்லத்தில் நேர்காணலாம், கமலாவோடு துணை அதிபருக்கு நிற்கப்போவது யார் என்று. மூன்று பேர்: பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷப்பிரோ, அரிசோனா செனட்டர் மார்க் கெல்லி, எங்கள் கவர்னர் டிம் வால்ஸ். கெல்லி விண்வெளிக்குப் போய்வந்தவர். வால்ஸ் மங்கேட்டோவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்.

முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரின் குழு இவர்களுடைய வரி, சொத்து, பழைய பேச்சு எல்லாவற்றையும் சலித்தாயிற்று. வழக்கமாக மாசக்கணக்கில் நடக்கும் வேலை, இந்தத் தடவை இரண்டே வாரத்தில். பெண் பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே, அதைவிடக் கறாராக இருக்கும். காரணம் இருக்கிறது. 1972-இல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் அவசரத்தில் தாமஸ் ஈகிள்டனைத் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார். மனச்சோர்வுக்காக அவர் மின்னதிர்ச்சி சிகிச்சை எடுத்துக்கொண்டது பிறகுதான் வெளியே வந்தது. 18 நாளில் விலகினார். நோய்வாய்ப்பட்டது குற்றமா என்று இன்றைக்குக் கேட்போம். அன்றைக்கு அது எடுபடவில்லை.

என் கணக்கு ஷப்பிரோதான். பென்சில்வேனியாவுக்கு 19 ஓட்டு. மின்னசோட்டாவின் 10 எப்படியும் வந்துவிடும். அப்பா வளர்த்த பெண், வேறு எப்படி யோசிப்பேன்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வால்ஸ்!

காலை எட்டு மணிவாக்கில் செய்தி வந்தது. ஆபீஸ் சாட்டில் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. வாஷிங்டன்காரர்கள் “யார் இவர்?” என்று கேட்க, எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையை வெளியே காட்டாமல் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். மின்னசோட்டாக்காரர்களுக்கு அது கைவந்த கலை.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை வால்ஸ் என்றால் ஒரு ஈமெயில் நின்றுபோனது. முன்பெல்லாம் மகளின் லஞ்ச் கணக்கில் பணம் குறைந்தால் பள்ளியிலிருந்து நினைவூட்டல் வரும். 2023 மார்ச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை, மதியச் சாப்பாடு இலவசம் என்று அவர் கையெழுத்துப் போட்டார். குழந்தைகள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் படம் ஊரெல்லாம் சுற்றியது. போன பள்ளி ஆண்டிலிருந்து அந்த ஈமெயில் வருவதில்லை. இவள் அங்கே சாப்பிடுவது என்னவோ சீஸ் பீட்சா போடும் நாளில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் எலுமிச்சை சாதம்.

அப்பாவிடம் இதைச் சொன்னதும், “காமராஜர் செஞ்சதை இப்பத்தான் செய்யறாங்களா?” என்றார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் வாசலில் டிரம்ப் போர்டு. மெஷினை அணைத்துவிட்டு வந்தார். 2020-இல் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்த பிறகு மினியாபொலிஸ் எரிந்தபோது, மாநில ராணுவப் படையான நேஷனல் கார்டைக் கூப்பிட வால்ஸ் தாமதித்தார் என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு அவருடைய தம்பி கடை அந்தப் பக்கம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “ஆனால் அவர் ஹாட்டிஷ் நன்றாகச் செய்வாராம்” என்றார். இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தபோது மின்னசோட்டா உறுப்பினர்களுக்குள் நடக்கும் ஹாட்டிஷ் போட்டியில் வால்ஸ் ஜெயித்தவர். கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி ஓவனில் வைப்பது. நான் கறிக்குப் பதில் பட்டாணியும் கரம் மசாலாவும் போடுவேன். பெரியவர் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு, “வித்தியாசமாக இருக்கிறது” என்றார். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று வந்த வருஷமே தெரிந்துகொண்டேன்.

இரவு ஃபிலடெல்ஃபியா கூட்டம். தேர்வாகாத ஷப்பிரோவே மேடையேறி வரவேற்றுப் பேசினார், அதுவும் பிரமாதமாக. எனக்கு மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது: 19 ஓட்டு!

ஆகஸ்ட் 29, வியாழன்

கமலாவும் வால்ஸும் சேர்ந்து கொடுத்த டிவி பேட்டி. ஜெயித்தால் கமலா தன் கேபினட்டில் ஒரு குடியரசுக் கட்சிக்காரரைச் சேர்த்துக்கொள்வாராம். அப்பாவுக்கு இது புரியவே இல்லை. “எதிர்க்கட்சிக்காரனுக்கு மந்திரி பதவியா? அப்ப சொந்தக் கட்சிக்காரன் சும்மா இருப்பானா?” இங்கே காங்கிரஸ் உறுப்பினரே மந்திரியாக வேண்டுமானால் சீட்டை ராஜினாமா செய்ய வேண்டும் என்றதும், “எம்.எல்.ஏ. பதவியை விட்டுட்டு மந்திரியா?” என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

அரிசோனாவும் நேற்று முடிந்தது. டிரம்ப் 312, கமலா 226.

ஷப்பிரோவைப் போட்டிருந்தால் என்று இங்கே எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். பென்சில்வேனியா போனது இரண்டு சதவீதத்துக்கும் குறைவில்தான். சரி, அந்த 19-ஐச் சேர்த்தே பார்ப்போம்: 245. ஜெயிக்கத் தேவை 270. இழுபறி மாநிலங்கள் ஏழும் போயிருக்கும்போது ஒரு மாநிலத்துக்காரர் என்ன செய்துவிட முடியும்? மூன்று மாசமாக நான் போட்ட கணக்கு தப்பு. அப்பாவிடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வால்ஸ் கவர்னராகத் திரும்பி வந்துவிட்டார். அவர் ஜெயித்திருந்தால் துணை கவர்னர் பெக்கி ஃப்ளானகன் கவர்னராகியிருப்பார், அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்வது இதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். இங்கே சிலருக்கு அந்த வருத்தம்தான் பெரிது.

நவம்பர் 21, வியாழன்

டிரம்பின் மந்திரிசபைக்குப் பத்து நாளாகத் தினம் ஒரு பெயர். பாதுகாப்புக்கு டிவி தொகுப்பாளர் பீட் ஹெக்செத், முன்பு நேஷனல் கார்டில் இருந்தவர். சுகாதாரத்துக்கு ராபர்ட் கென்னடி ஜூனியர். வெளியுறவுக்கு, ஜூலையில் அட்ரஸ் சிக்கலில் மாட்டிய அதே ரூபியோ. ஜூலையில் அதே துணை அதிபர் பட்டியலில் இருந்த டக் பர்கமுக்கு உள்துறை. நம் ஊர் உள்துறை இல்லை. போலீஸ் கிடையாது, காடும் நிலமும் தேசியப் பூங்காவும்தான்.

அட்டர்னி ஜெனரலாக 13-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட மேட் கேட்ஸ் இன்று விலகிவிட்டார். எட்டே நாள். அவர்மீது பிரதிநிதிகள் சபையின் ஒழுங்குக் குழு விசாரணை இருந்தது ஊருக்கே தெரியும். மந்திரிகளை செனட் ஒப்புக்கொள்ள வேண்டும், அங்கே ஓட்டு தேறவில்லை. சாயங்காலத்துக்குள் பாம் பாண்டியின் பெயர் வந்துவிட்டது. ஈகிள்டனுக்காவது 18 நாள் கிடைத்தது.

ஜனவரி 25, 2025, சனி

மைனஸ் குளிர். கார் பேட்டரி படுத்துவிட்டது. பெரியவர் தன் ட்ரக்கைக் கொண்டுவந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்து கொடுத்தார். வாசலில் போர்டு இப்போது இல்லை.

திங்கட்கிழமை செனட்டில் ரூபியோவுக்கு 99-0. தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஓட்டும் அதில் சேர்த்தி. நூறாவது நாற்காலி காலி, அது வான்ஸ் விட்டுப் போனது.

நேற்று ராத்திரி ஹெக்செத்தின் முறை. குடியரசுக் கட்சிக்கு 53 பேர், அதில் மூன்று பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், செனட்டில் அந்தக் கட்சியின் முன்னாள் தலைவர் மெக்கானல் உட்பட. 50-50. செனட்டுக்குத் தலைவர் துணை அதிபர், சமமானால் மட்டும்தான் அவருக்கு ஓட்டு. வான்ஸ் வந்து போட்டார், 51-50. ஒரு மந்திரிக்காகத் துணை அதிபர் இப்படி ஓட்டுப் போடுவது சரித்திரத்திலேயே இரண்டாவது தடவை. முதலாவது 2017-இல், கல்வி மந்திரி பெட்ஸி டிவோஸுக்காக அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸ் போட்டது.

அப்பா கூப்பிட்டபோது இதைத்தான் சொன்னேன். அவர் ஜூலையில் கேட்டதை மறக்கவில்லை.

“அப்ப ஒரு ஓட்டு கொண்டு வந்துட்டான்.”

ஆமாம்ப்பா, ஒன்று.

“போதுமே” என்றவர், கார் பேட்டரி எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.