ஒரு ழகரத்துக்கு மூன்று நடை: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பிளஸ் ஒன் வாங்கிய கதை

கேரளாவில் என் மகளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பிளஸ் ஒன் இடம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. ஆனாலும் சான்றிதழ் சரிபார்த்த கவுண்ட்டரை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பெண் பிள்ளைகளைக் கராத்தேக்கு அனுப்பும் வீடுகள் இப்போது நிறைய. நான் பட்ட அலைச்சல் அவர்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடைமுறை இதுதான். முதலில் விளையாட்டுச் சான்றிதழ்களைப் பதிந்து, நேரில் காட்டிச் சரிபார்த்து, அவற்றுக்கான மார்க் போட்ட ஸ்கோர் கார்டு வாங்க வேண்டும். அப்புறம் அந்த மார்க்கை வைத்து, பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஆன்லைன் முறையான ஏகஜாலகத்தில் கோட்டாவுக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். இரண்டாவது வேலை அக்ஷயா இ-சேவை மையத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எங்களை அழவைத்தது முதல் வேலை.

மகள் இரண்டாம் வகுப்பிலிருந்து கராத்தே போகிறாள். என் அக்கா வீடு பொள்ளாச்சியில் இருப்பதால், சனி ஞாயிறு அங்கேயே தங்கி அங்கிருக்கும் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுடைய மெடல்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் வாங்கியவை. எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் கட்டாதான் அவளுக்கு உயிர். ஆனால் கேரளா ஸ்கூல் கேம்ஸில் நேருக்கு நேர் மோதும் குமித்தேயில் இறங்கி, சப் ஜில்லா, ரெவின்யூ ஜில்லா தாண்டி ஸ்டேட்டில் இரண்டாவதாக வந்தாள். எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கி, மொத்தம் பதினொரு சான்றிதழோடு, தைக்கிற வேலையை ஒருநாள் நிறுத்திவிட்டு டவுனுக்குக் கூட்டிப் போனேன்.

கவுண்ட்டரில் இருந்தவர் ஃபைலைப் புரட்டி, சான்றிதழ்களை இரண்டு கட்டாகப் பிரித்தார். ஒரு கட்டில் ஒன்பது, இன்னொன்றில் இரண்டு. ஒன்பதையும் என் பக்கம் தள்ளி, "இது பற்றில்ல சேச்சி" என்றார், இது ஆகாது அக்கா என்று. ஏன் என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் காரணம் சொன்னார். அதில் ஆறு, கிளப்புகள் சொந்தமாக நடத்திய போட்டிகள். 'நேஷனல்' என்றும் 'இன்டர்நேஷனல்' என்றும் தங்க எழுத்தில் அடித்திருக்கும், ஆனால் அங்கீகாரம் உள்ள சங்கத்தின் முத்திரை இருக்காது. ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கட்டியிருக்கிறோம், வேன் வாடகை கொடுத்திருக்கிறோம். மற்ற மூன்றும் தமிழ்நாட்டு மாவட்டப் போட்டிகள். "அது அந்த ஸ்டேட், இங்கே கணக்கில் வராது" என்று சொல்லிவிட்டார்.

இதை மாஸ்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கராத்தேயில் சங்கங்கள் பல. யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைப் போட்டு மெடல் கொடுக்கலாம். போட்டிக்குப் பணம் கட்டும் முன்னால், இந்தச் சான்றிதழ் நம் மாநிலத்தில் கோட்டாவுக்குச் செல்லுமா என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால், அந்தப் போட்டியை அனுபவத்துக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் இருக்கும் நாம் இன்னொன்றும் முடிவு செய்தாக வேண்டும். பயிற்சி எந்தப் பக்கம் எடுத்தாலும் சரி, போட்டிக்கு எந்த மாநிலத்தின் பெயரில் இறங்குவது என்பதை ஐந்தாம் வகுப்பிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

மிச்சம் இருந்த இரண்டில்தான் ஸ்டேட் சான்றிதழ் இருந்தது. அதுவாவது தப்பித்ததே என்று மூச்சு விட்டேன். அவர் எஸ்.எஸ்.எல்.சி. புக்கைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். என் மகள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பள்ளி ரெக்கார்டில் அதை ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதியிருக்கிறார்கள். போட்டிச் சான்றிதழில் வெறும் எல். இனிஷியலும் புக்கில் பெயருக்குப் பின்னால் இருந்தது, சான்றிதழில் நம் ஊர் வழக்கப்படி முன்னால் இருந்தது. அந்த மனிதர் மலையாளி. என் மகள் பெயரை அழகாக, ழகரம் சுத்தமாக, வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, "ரெண்டும் ரெண்டு பேர்" என்று திருப்பிக் கொடுத்தார். என்ன கொண்டுவந்தால் சரியாகும் என்று மட்டும் சொல்லவில்லை.

நானாக யோசித்து ஹெட்மாஸ்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். அதுவும் செல்லாது, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் சேம்' சர்ட்டிஃபிகேட் வாங்கி வாருங்கள் என்றார். முந்தின நாளே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒருநாள் கூலியும் பஸ் காசும் மிஞ்சியிருக்கும். கிளம்பும்போது மகளைப் பார்த்து, "ஒலிம்பிக்ஸிலேயே இல்லாத விளையாட்டுதானே, இதுக்கா இவ்வளவு அலையறீங்க" என்றும் சொன்னார்.

அவள் பதில் சொல்லிவிட்டாள். "டோக்கியோவில் இருந்தது சார். பாரிஸில் எடுத்துட்டாங்க. ஏசியன் கேம்ஸில் 1994-லிருந்து இருக்கு." குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தாள். எனக்கு அந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கராத்தே உடுப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அன்று ராத்திரி நான் பேசியது சாண்ட்ரா சான்செஸ் பற்றி. அந்தப் பெயரை எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான். ஸ்பெயின்காரர், ஷிட்டோ-ரியு என்ற கராத்தே பாணியில் வந்த கட்டா வீராங்கனை, 1981-ல் பிறந்தவர். இளவயதில் மாட்ரிட் பயிற்சி மையத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தபோது அம்மாவுக்குப் புற்றுநோய். அம்மாவோடு இருக்க வேண்டும் என்று அதை விட்டுவிட்டார். நாட்டு அணியில் இடம் பிடித்தது முப்பது வயது தாண்டித்தான். 2018-ல் உலக சாம்பியன். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில், புடோகான் அரங்கத்தில், இரண்டு முறை உலக சாம்பியனான ஜப்பானின் கியோ ஷிமிஸுவை எதிர்த்து இறுதிச் சுற்று. இருவரும் செய்தது ஒரே கட்டா, சாத்தன்யாரா குஷான்கு. சான்செஸுக்கு மார்க் 28.06, ஷிமிஸுவுக்கு 27.88. தங்கம் வாங்கும்போது சான்செஸுக்கு வயது 39. அந்த வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னேன். பார்த்து முடித்ததும், "வில்லேஜ் ஆபீஸ் எத்தனை மணிக்கு திறக்கும்மா" என்று கேட்டாள்.

அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு அக்ஷயாவில் விண்ணப்பம் போட்டோம். ஆதார், எஸ்.எஸ்.எல்.சி. புக், போட்டிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே டைப் செய்யச் சொல்லி, திரையைப் பார்த்து நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எங்களுக்கு முதல் தடவை அங்கேயும் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, பணம் கட்டும் முன்னால் கண்டுபிடித்தேன். வில்லேஜ் ஆபீஸில் ஒரிஜினலைக் காட்டச் சொன்னார்கள். இரண்டு நாள் ஆபீஸர் ஃபீல்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலையிலேயே போய் வாசலில் உட்கார்ந்தோம். நான்காம் நாள் சர்ட்டிஃபிகேட் வந்தது. அதற்கு அடுத்த நாள்தான் சரிபார்ப்புக்குக் கடைசித் தேதி.

கடைசி நாள் கவுண்ட்டரில் வேறொரு அம்மா இருந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாங்கினார், பார்த்தார், ஸ்கோர் கார்டு கொடுத்தார். "முன்னாடியே வந்திருக்கலாமே மோளே" என்று என் மகளிடம் சிரித்தார். இது எங்களுக்கு மூன்றாவது நடை என்று அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே சான்றிதழ்களை எடுத்துப் பெயரை ஒத்துப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வாங்கிய சான்றிதழ் செல்லும் என்பது அறிவிப்பில் இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு ஆபீஸில் முடியாது என்றால், வேறு என்ன கொண்டுவர வேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் முதல் நாள் அதைக் கேட்கவில்லை.

போன ஞாயிறு ஒரு போட்டிக்குப் போனோம். இந்தத் தடவை கேரளாவின் பெயரில், சங்கத்தை விசாரித்துவிட்டு. கட்டாவில் மூன்றாம் இடம். மெடலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சான்றிதழ் எழுதும் மேஜைக்குப் போனாள். பேனா பிடித்திருந்த பையன் எல் போட ஆரம்பித்ததும், அவன் கைக்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி. புக்கின் நகலை விரித்து வைத்தாள். "அண்ணா, இசட், எச். இனிஷியல் கடைசியில்." அவன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்தான்.