ஸ்வால்பார்டுக்கு இரண்டாம் தடவை: விசா கட்டமும் தேங்காய் எண்ணெயும்

வட துருவத்துக்குப் பக்கத்துத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) மாட்டி, ஸ்லெட்ஜில் (பனியில் இழுக்கும் சாமான் வண்டி) சுமையை இழுத்துப் போகும் எங்கள் இரண்டாம் பயணத்துக்கான தயாரிப்பு இது. பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஸ்டிக்கரில் எத்தனை தடவை நுழையலாம் என்று காட்டும் சின்னக் கட்டம். எங்களுக்கு 01 என்று வந்தது. பயணமே அங்கே நின்றுபோனது.

ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சியில்தான் இருக்கிறது. ஆனால் ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. அங்கே போக விசாவே கேட்பதில்லை. வழியில் இருக்கும் ஓஸ்லோவுக்குத்தான் விசா. ஓஸ்லோவில் இறங்குவது ஒரு நுழைவு. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனிலிருந்து திரும்பி வருவது இரண்டாவது. 01-ஐ வைத்துக்கொண்டு போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். பெங்களூரு விசா மையத்தில் இதைச் சொன்னதற்கு, "அதுவும் நார்வேதானே சார், சிங்கிள் போதும்" என்று கவுண்டரில் இருந்தவர் படிவத்தை மாற்றச் சொன்னார். மாற்றியது எங்கள் தப்பு. மறுபடி 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி, கிருஷ்ணகிரியிலிருந்து மறுபடி பஸ், அத்திப்பள்ளியில் அதே நெரிசல். இந்த மறு விண்ணப்பத்தில் ஓஸ்லோவில் இறங்கும் இரண்டு தேதிகளையும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதி, நான்கு விமான டிக்கெட் பதிவுகளையும் வரிசையாகப் பின் அடித்துக் கொடுத்தோம். 02 வந்தது.

இன்சூரன்ஸிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு. விசாவுக்கு 30,000 யூரோ பாலிசி போதும். பனிவெளிக்கு அது போதாது. ஊரை விட்டுத் தள்ளிப் போகும் குழு, ஆளுநர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, தேடி மீட்கும் செலவுக்குக் காப்பீடோ வங்கி உத்தரவாதமோ காட்ட வேண்டும். ஏஜென்ட் "உலகம் பூரா செல்லும்" என்பார். விலக்குகள் பக்கத்தைத் திறந்து "குளிர்கால விளையாட்டு" என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஸ்கீ பயணத்துக்கும் ஹெலிகாப்டர் தேடலுக்கும் செல்லும் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

துருவக் கரடி விஷயத்தில் கைடு சொல்வதே சட்டம். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

முதல் பயணத்தில் எங்களை நான்காம் நாளே திரும்ப வைத்தது கரடியும் இல்லை, காலும் இல்லை. ஸ்டவ். அங்கே தண்ணீர் என்றால் உருக்கிய பனி. ஸ்டவ் நின்றால் குடிக்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை. எங்கள் வெள்ளை பெட்ரோல் (ஸ்டவ்வுக்கென்று சுத்திகரித்த பெட்ரோல்) ஸ்டவ்வின் பம்ப், பழைய மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் மாதிரியேதான்: உள்ளே ஒரு லெதர் வாசர், அது காய்ந்தால் காற்று ஏறாது. ஊரில் என்ன செய்வோமோ அதையே செய்தோம், இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டோம். 24 டிகிரிக்குக் கீழேயே உறைகிற எண்ணெய், மைனஸ் 20-இல் மெழுகாகி வாசரைச் சுருக்கியபடியே பிடித்துக்கொண்டது. தண்டு உள்ளே போகிறது, வருகிறது, பாட்டிலில் அழுத்தம் ஏறவே இல்லை. ஸ்டவ்வோடு வரும் சின்ன எண்ணெய் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் விடாதீர்கள். உதிரி வாசர் ஒன்று, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு செட், முழுதாக இரண்டாவது பம்ப் ஒன்று: இதில் எடையைக் குறைக்கக் கூடாது. எரிபொருள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 மில்லி. விமானத்தில் ஏற்ற முடியாது, லாங்இயர்பியனில்தான் வாங்க வேண்டும். பழைய ஸ்டவ்வில் பெட்ரோல் வாடை இருந்தால் அதையும் விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சோப்பு நீரில் கழுவி, வெயிலில் பல நாள் திறந்து வையுங்கள். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் கிருஷ்ணகிரியிலேயே மைனஸ் 20-இல் சோதித்தோம். ஐஸ்கிரீம் மொத்த வியாபாரக் குடோனில் ஒரு குளிர் அறை. நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டார். உள்ளே ஸ்டவ்வைப் பற்றவைக்கக் கூடாது. பம்பை ஒரு ராத்திரி வைத்து எடுத்து, காற்று ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கலாம். மூன்று அடுக்குக் கையுறையோடு கூடாரக் கம்பியைச் சொருகிப் பாருங்கள், எந்தக் கொக்கிக்குக் கயிறு கட்டி நீட்ட வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் குடோனில் காற்று கிடையாது. மைனஸ் 20-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி.

அதே அறையில் கடலை மிட்டாயும் கல்லாகிப் போனது. பல் பத்திரம். வீட்டிலேயே சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கணக்கு, ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடையில் 5,000 கலோரி. ராகி நம்ம பக்கத்துப் பெருமைதான், ஆனால் 100 கிராமுக்கு 330 கலோரியைத் தாண்டாது. அதை இழுத்துக்கொண்டு போவது வீண் பாரம். வேர்க்கடலை 560-க்கு மேல். நெய் 900, ஆனால் இந்தியாவிலிருந்து பால் பொருளோ கறியோ நார்வேக்குள் கொண்டுபோகத் தடை. எங்கள் இரண்டு கிலோ நெய் அப்படித்தான் போனது. வெண்ணெயை அங்கேயே வாங்குங்கள்.

உடற்பயிற்சிக்கு பங்க்சர் கடை டயர் போதும். நைலான் டயராகக் கேளுங்கள்; ரேடியல் தேய்ந்தால் கம்பி வெளியே வந்து காலைக் கிழிக்கும். துளை போட்டு கண் போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) மாட்டும்போது உள்பக்கம் அகலமான வாசர் வைக்காவிட்டால் பத்தே நாளில் பிய்த்துக்கொண்டு வரும். கயிறு மூன்று மீட்டர், இடுப்பு பெல்ட்டிலிருந்து. தார் ரோட்டில் 10 கிலோ டயர் இழுப்பது, 60 கிலோ ஸ்லெட்ஜைப் பனியில் இழுப்பதற்குக் குறைந்ததில்லை. சந்தேகப்பட்டு இரண்டு டயர் கட்டினால் முழங்கால்தான் போகும். கடுங்குளிரில் பனி மணல் மாதிரி பிடிக்கும். ஸ்கீக்குக் கீழே வழுக்க வைக்கும் நீர்ப்படலம் உருவாகாது. அதனால் வேகத்தைவிட ஆறு மணி நேரம் நிற்காமல் இழுப்பதே பயிற்சி. ரோலர் ஸ்கீ என்றால் விடியற்காலை நாலரைக்கு, அணைப் பக்கம். தெருநாய்க்குச் சக்கரம் வைத்த ஸ்கீயைப் பிடிக்கவே பிடிக்காது. கம்பை ஓங்காதீர்கள், நின்றுவிடுங்கள்.

நம்ம ஊர்க்காரர்கள் செய்யும் இன்னொரு தப்பு, குளிருக்குப் பயந்து இருப்பதையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்புவது. அரை மணியில் வியர்வை, அடுத்த ஓய்வில் அது ஐஸ். ராத்திரி அந்த ஈரம் இறகு அடைத்த தூங்கும் பைக்குள் இறங்கி உறைந்து, பை ஒவ்வொரு நாளும் கனக்கும், சூடு குறையும். கிளம்பும்போது கொஞ்சம் நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். காலுக்கு மெல்லிய சாக்ஸ், அதன்மேல் சாதா பிளாஸ்டிக் கவர், அதன்மேல் கம்பளி சாக்ஸ். உள் சாக்ஸ் நனையும், கம்பளியும் பூட்ஸும் நனையாது.

பூட்ஸ் மட்டும் இன்னும் பாக்கி. ஒன்றரை சைஸ் பெரிதாக வேண்டும், ஓஸ்லோவில் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க முடியும். அதற்காகவே அங்கே ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.