இரவில் மூன்று முறை விழிப்பு: ஏழு மாத அலைச்சல்

இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழ நேர்ந்ததால், எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன். சர்க்கரையும் சரி, புராஸ்டேட் ஸ்கேனும் சரி, குறை எதையும் காட்டவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மருத்துவர், குறட்டை உண்டா என்று ஒரு வார்த்தையும் கேட்காமல் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். அதை விழுங்கிய பிறகு காலைத் தலைவலி கூடியதே தவிர, விழிப்பு நிற்கவில்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவர்களுக்குச் சில தூக்க மாத்திரைகள் தடையை மேலும் மோசமாக்கக்கூடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வழி காட்டியது என் மனைவி கைப்பேசியில் பதிவு செய்த ஒலிதான். உரத்த குறட்டை சட்டென்று அறுந்து, மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும். அவள் எண்ணிப் பார்த்ததில் 20 விநாடி கழித்து, நீரில் மூழ்கி எழுந்தவனைப் போல நான் மூச்சை இழுக்கிறேன். அதைக் கேட்ட நெஞ்சக நோய் மருத்துவர், மூச்சு நிற்கும்போது இதயத்துக்கு ஏற்படும் அழுத்தத்தால் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைப் பெருக்குகிறது என்று விளக்கி, உறக்கப் பரிசோதனைக்குக் கடிதம் தந்தார்.

பரிசோதனைக்காக மாலை 7 மணிக்குத் தலையணையும் லுங்கியுமாக மருத்துவமனைக்குப் போனால், கடிதத்தில் துறை முத்திரை இல்லை என்று எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். மருத்துவரின் கையொப்பம் இருக்கிறதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த தேதி கிடைக்க 19 நாள் ஆயிற்று. ஆகவே, கடிதம் வாங்கும் இடத்திலேயே முத்திரையைச் சரிபார்த்து வாங்குங்கள். பரிசோதனை நாளன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், உறக்கத்தைப் பதிவு செய்யத் தலையில் ஒட்டும் ஒயர்கள் ஒட்டாது.

சோதனை இரவு எளிதாகக் கழிந்தது. மணிக்கு 34 முறை மூச்சுத் தடை என்று அறிக்கை வந்தது. 30-ஐத் தாண்டினாலே தீவிர நிலையாம். மூச்சுக்குழாய் அடைபடாமல் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) கருவி பொருத்திய நான்காம் நாள் ஒரே ஒருமுறைதான் எழுந்தேன்.

ஓரிரு முறை விழித்து உடனே உறங்கிவிடுவது இயல்பு. ஆனால், வாரத்தில் மூன்று இரவுகளாவது உறக்கம் கெடுவது மூன்று மாதம் நீடித்தாலோ, மூச்சு முட்டி எழுந்தாலோ, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகினாலோ தள்ளிப் போடாதீர்கள். நெஞ்சுவலியோடு விழித்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

காசிமேட்டில் இருக்கும் என் அண்ணனுக்கும் இதே குறட்டை. அவருடைய கடிதத்தில் முத்திரை விழுவதை நேற்று பக்கத்தில் நின்று பார்த்த பிறகே கிளம்பினேன்.