நாய் மலம் தின்கிறதா? பொடி வாங்காதீர்கள், முந்திக்கொள்ளுங்கள்

குட்டி தன் மலத்தைத் தின்பதைப் பார்த்ததும் வீட்டில் முதலில் எழுவது அலறல். அடுத்தது ஓட்டம். குட்டிக்கு இதிலிருந்து என்ன புரியும்? தரையில் கிடக்கும் ஒன்றுக்காக வீட்டுப் பெரியவரே பாய்ந்து வருகிறார் என்றால் அது கிடைத்தற்கரிய பொருள். அவர் வந்து சேர்வதற்குள் விழுங்கிவிட வேண்டும். நான்கைந்து முறை இப்படி நடந்தால், நிதானமாக முகர்ந்துகொண்டிருந்த குட்டி அவசரமாக விழுங்கப் பழகிவிடும். அடித்தாலோ மூக்கை அதில் தேய்த்தாலோ நிலைமை இன்னும் மோசம். ஆள் எதிரில் மலம் கழிப்பதே ஆபத்து என்று எண்ணி, சோபாவுக்குப் பின்னால் போய், தடயமில்லாமல் தின்றுவிட்டு வரும்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது எதைத் தேடிப் போகும் என்று பழமொழியே இருக்கிறது. அவ்வளவு பழைய பழக்கம். குட்டி ஈன்ற தாய் முதல் சில வாரங்கள் குட்டிகளை நக்கித்தான் மலம் கழிக்க வைக்கும், அதைத் தானே தின்று இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் குழு, ஏறத்தாழ 3,000 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டிய விவரங்களை 2018-இல் வெளியிட்டது. அதில் சுமார் 16 சதவீத நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தேடியது இரண்டு நாளுக்குள் விழுந்த புதிய மலத்தைத்தான். என்ன உணவு போடுகிறார்கள் என்பதோடு இந்தப் பழக்கத்துக்குத் தொடர்பு காணப்படவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் உள்ள வீடுகளிலும், எதைப் போட்டாலும் அள்ளி விழுங்கும் பெருந்தீனி நாய்களிடமும் அதிகம். புழு முட்டைகளும் குஞ்சுப் புழுக்களும் தொற்றும் நிலையை அடைய சில நாட்கள் ஆகும் என்பதால், அதற்கு முன்பே தின்று குகையைச் சுத்தம் செய்த ஓநாய் மூதாதையரின் எச்சம் இது என்பது அந்தக் குழுவின் கருதுகோள்.

அதே ஆய்வில், மலத்தின் ருசியைக் கெடுப்பதாகச் சொல்லி விற்கும் 11 பொருட்களைப் பற்றியும் கேட்டார்கள். பயன்படுத்தியவர்களில் பலன் கண்டவர்கள் 0 முதல் 2 சதவீதம். அன்னாசித் துண்டு, பூசணி, அஜினோமோட்டோ போன்ற கைவைத்தியங்களுக்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மலத்தின்மேல் மிளகாய்த்தூள் தூவுவது கொடுமை, பயனும் இல்லை. தூவாத மலத்தை நாய் மூக்காலேயே பிரித்துவிடும். கற்பூரத்தை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். நாய்க்கு அது நஞ்சு.

மிஞ்சுவது ஒரே வழி. மலம் விழுவதற்கும் நாய் திரும்பி அதை முகர்வதற்கும் நடுவே சில வினாடிகள் இருக்கின்றன. அந்த இடைவெளி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு நேரம் தெரிய வேண்டும். குட்டிகள் பெரும்பாலும் சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள், தூங்கி எழுந்ததும், ஓடியாடி விளையாடியதும் மலம் கழிக்கும். தட்டில் நாள் முழுக்க உணவு கிடந்தால் இந்த நேரம் குழம்பிவிடும். குட்டிக்கு மூன்று நான்கு வேளை, வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை, மணி தவறாமல் வையுங்கள். கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். கடைசி வேளை இரவு ஏழு மணிக்குள் முடிந்து, படுக்கும் முன் ஒருமுறை வெளியே போய் வந்தால், ஆளில்லாத விடியற்காலை மலம் குறையும். மொட்டை மாடியில் அவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம்தான் பல வீடுகளில் இந்தப் பழக்கத்தை வளர்க்கிறது: செய்வதற்கு வேறு வேலை இல்லை, தடுக்க ஆளும் இல்லை.

வீட்டு மாடியானாலும் தெருவானாலும் ஒன்றரை மீட்டர் வாரில் கட்டி அழைத்துப் போங்கள். வேகவைத்த கோழித் துண்டு, உப்பு மசாலா இல்லாமல், பாதிக் கொண்டைக்கடலை அளவில் ஐந்தாறு சட்டைப்பையில் இருக்கட்டும். நாய் குந்தும்போது பேசாதீர்கள், நகராதீர்கள். முடித்து, மடங்கிய பின்னங்கால்கள் நிமிரத் தொடங்கும், இடுப்பு உயரும். அந்தக் கணத்தில் உற்சாகமாகப் பெயரைச் சொல்லி, துண்டை மூக்குக்கு நேரே நீட்டி, அப்படியே மூன்று நான்கு அடி தள்ளி அழைத்துப்போய்க் கொடுங்கள். இரண்டாவது, மூன்றாவது துண்டை மலத்துக்கு எதிர்ப்பக்கம் புல்லில் போடுங்கள். தேடித் தின்னட்டும். வாரைக் குட்டையாகப் பிடித்தபடி மலத்தை அள்ளுங்கள்.

பிசகுவது பெரும்பாலும் நேரத்தில்தான். நாய் திரும்பி முகர்ந்த பிறகு கூப்பிட்டால், 'முகர்ந்தால் கோழி வரும்' என்று பாடம் மாறிவிடும். சரியாகச் செய்தால் சில வாரங்களில், முடித்ததும் நாயே உங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பும். அதற்குப் பிறகும் துண்டை உடனே நிறுத்திவிடாதீர்கள். இடையில் ஆள் இல்லாதபோது ஒருமுறை தின்றுவிட்டால் போச்சே என்று விடவும் வேண்டாம். ஆனால் அப்படி அவ்வப்போது கிடைக்கும் வெற்றிதான் பழக்கத்தை மிகவும் கெட்டியாக்கும் என்பதால், முதல் இரண்டு மாதம் தனியாக விடாமல் இருப்பது முக்கியம்.

தெருவில் கிடக்கும் அடுத்த நாயின் மலத்துக்கு 'விடு' என்ற சொல் வேண்டும். மூடிய கையில் உலர் உணவை வைத்துக் காட்டுங்கள். நக்கும், பிறாண்டும், அசையாதிருங்கள். மூக்கை விலக்கிய நொடியில் 'சரி' என்று சொல்லி மறு கையிலிருந்து கோழித் துண்டு. கை நீட்டியதுமே விலகத் தொடங்கிய பிறகுதான் 'விடு' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அடுத்து திறந்த கை, பிறகு தரையில் வைத்துக் காலால் மறைக்கத் தயாராக, பிறகு அதைக் கடந்து நடப்பது, கடைசியில் நிஜ மலத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். விட்டதற்குக் கிடைப்பது விட்டதைவிட ருசியாக இருக்க வேண்டும். பிஸ்கட் துணுக்கைக் காட்டி நாயை ஏமாற்ற முடியாது.

வாய்க்கூடு போடுவதானால் கூடை வகை மட்டும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வாயை இறுக்கும் துணி வகையில் நாயால் இரைக்க முடியாது. நம் ஊர் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

உணவைப் பற்றி ஒன்று. பால் சாதமும் தயிர் சாதமும் மட்டுமே தின்று வளரும் குட்டிகள் ஏராளம். வளரும் குட்டியின் உணவில் உலர் எடைக் கணக்கில் குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும் என்பது தீவன நிறுவனங்கள் பின்பற்றும் அமெரிக்க அளவுகோல். அரிசியில் இருப்பது ஏழெட்டு சதவீதம். உணவை மாற்றினால் மலம் தின்பது நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. குட்டி நன்றாக வளர வேண்டும் என்பதற்காகவே மாற்றுங்கள். பழையதில் கால் பங்கு குறைத்துப் புதியது கால் பங்கு என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்றினால் வயிறு கெடாது.

இதுவரை இல்லாத பழக்கம் வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வந்தால், பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். வயிறாரத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு குவியலாக விழுந்தால், கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இது அதிகம். 8 முதல் 12 மணி நேரம் பட்டினி போட்டு எடுக்கும் டி.எல்.ஐ. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உறுதியானால் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வேளை உணவிலும் நொதிப் பொடி கலக்க வேண்டும். அழற்சிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் பிரெட்னிசலோன், வலிப்புக்குத் தரும் ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை அகோரப் பசியைக் கிளப்பும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒரு நாய் மருந்து சாப்பிட்டால், அதன் மலத்தைத் தின்னும் மற்ற நாய்க்கும் மருந்து போய்ச் சேரலாம். தைராய்டு மாத்திரை விஷயத்தில் அப்படி நடந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

தடுப்பூசி முடியாத குட்டிக்குத் தெரு நாயின் மலம்தான் பெரிய ஆபத்து, குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் அதில் இருக்கலாம். 16 வாரம் வரை தடுப்பூசித் தவணைகளைத் தவறவிடாதீர்கள். குடற்புழு மருந்து பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் எடை பார்த்தே கொடுக்க வேண்டும். உருண்டைப் புழுவின் முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், எனவே அன்றன்றே அள்ளினால் அந்தச் சங்கிலி அறும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி அப்படியல்ல, விழுந்த உடனேயே தொற்றும். தரையைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். கழிவறை ஆசிட்டோடு பிளீச்சைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும்.

மலப் பரிசோதனைக்குப் பாக்கு அளவு புதிய மலம் போதும். கொடுக்கும்போது, இந்த நாய் மலம் தின்னும், எதன் மலத்தைத் தின்னும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆட்டுப் புழுக்கையையோ கோழி எச்சத்தையோ தின்ற நாயின் மலத்தில் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் தெரியும். அவை நாயின் குடலில் வளர்பவை அல்ல, வழிப்போக்காக வெளியேறுபவை. அது தெரியாமல் போனால் இல்லாத நோய்க்கு மருந்து எழுத நேரிடும்.