தோட்டத்துக் கோயில் அகப்பக்கத்தைச் சொந்த செர்வருக்கு மாற்றிய அனுபவம்

"தம்பி, கூகுள்ல நம்ம கோயில் பேரைத் தேடினா சூதாட்டம் வருதுப்பா" என்று ஜொகூரிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். உடனே முகவரியைத் தட்டிப் பார்த்தேன். அம்மன் படம், தீமிதிப் படங்கள், உபயப் பட்டியல் எல்லாம் வழக்கம்போல இருந்தன. "ஒண்ணும் இல்லையே அக்கா" என்றேன். "நேரா போகாதே, கூகுள் வழியா போய்ப் பாரு" என்றார். போனேன். அம்மன் பெயருக்கு அடியிலேயே மலாயில் ஸ்லாட் விளம்பரம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். உள்ளே புகுந்தவர்கள் வைக்கும் நிரல், கூகுள் வழியாக வருபவர்களுக்கும் கூகுளின் தேடுபொறிக்கும் மட்டும் சூதாட்டப் பக்கத்தைக் காட்டும். முகவரியைத் தட்டி நேராக வரும் நிர்வாகிக்குப் பழைய பக்கமே தெரியும். மாதக்கணக்கில் கண்ணில் படாது. உங்கள் சங்கத்துக்கோ பள்ளிக்கோ அகப்பக்கம் இருந்தால், கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், ஒரு முக்காற்புள்ளி, அடுத்து இடைவெளி விடாமல் உங்கள் முகவரி என்று தட்டிப் பாருங்கள். உங்கள் பெயரில் கூகுள் வைத்திருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் வரும்.

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) போயின, சனங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிரிந்து போனார்கள். கோயில் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்குத்தான் எல்லோரும் ஒன்று சேர்கிறோம். உபயத் தேதியை அந்த அகப்பக்கத்தில் பார்த்துத்தான் பலர் விடுப்பே எடுப்பார்கள். கும்பாபிஷேகத்துக்கு ஆளுக்கு ஐந்தும் பத்தும் வெள்ளி கொடுத்த தோட்டத்துச் சனங்களின் பெயர்ப் பட்டியலும் அதில்தான் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு சிறிய நிறுவனத்திடம் கொடுத்துச் செய்த பக்கம் அது. சுத்தம் செய்து தரச் சொல்லிக் கேட்டால், புதுத் திட்டம் வாங்குங்கள் என்று விலைப்பட்டியல் அனுப்பினார்கள். நான் செம்பனை ஆலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன், லினக்ஸ் இயங்குதளம் ஓரளவு பழக்கம். சொந்தமாக ஒரு வாடகை செர்வர் (அகப்பக்கத்தை வைத்து இணையத்தில் காட்டும் கணினி) எடுத்து நானே வைத்துவிடுகிறேன் என்று நிர்வாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

செர்வர் வேலைதான் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் உயிரை வாங்கியது டொமைன், அதாவது அகப்பக்கத்தின் முகவரிப் பெயர்.

பதிவு விவரத்தைத் தேடிப் பார்த்தபோது, காலாவதிக்கு 23 நாள்தான் இருந்தது. உரிமையாளர் இடத்தில் கோயில் பெயர் இல்லை, அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஆண்டுதோறும் பணம் கட்டியது கோயில், முகவரி அவர்களுடையது. அரை நாள் விடுப்பு எடுத்து ஈப்போவுக்குப் போனேன். முன்மேசைப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பேரு இங்க இல்லை, கோயில் கடிதம் கொண்டு வாங்க" என்றார். அது நியாயம்தான். அடுத்த வாரம் தலைவர் கையெழுத்து, கோயில் முத்திரை, சங்கப் பதிவுச் சான்றிதழின் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். "பாஸ் இல்லை, அவர்தான் முடிவு பண்ணணும்." எப்போது வருவார் என்று கேட்டால் தெரியாதாம். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய செய்திகளுக்கு இரண்டு நீல டிக் மட்டும் விழுந்தன.

மூன்றாவது முறை பொருளாளர் ஐயாவும் கூட வந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், ஒரு துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போடமாட்டார். கையில் ஒரு பழைய மைலோ டின். அதைத் திறந்து ஏழு ரசீதுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் எங்கள் முகவரியும் 'டொமைன் புதுப்பிப்பு' என்ற வரியும் தெளிவாக இருந்தன. "அம்மா, இது சாமி காசு. எந்த வருஷம் நாங்க கட்டலைன்னு காட்டுங்க, இப்பவே கட்டிடுறேன்" என்று மெதுவான குரலில் சொன்னார். ஐந்து நிமிடத்தில் உள்ளறைக் கதவு திறந்து பாஸ் வந்தார். டொமைனை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான குறியீடு அன்று மாலையே கைக்கு வந்தது. ஐயாவுக்குத் திரும்பும் வழியில் தோசை வாங்கிக் கொடுத்தேன். அந்த டின் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

குறியீட்டைப் படமாகப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் படத்தில் ஒரே கோடாகத் தெரியும். இரண்டு முறை தட்டி இரண்டு முறையும் 'தவறு' என்று வந்தது. எழுத்தாகவே அனுப்பச் சொல்லுங்கள். டொமைன் பூட்டை அவர்கள் திறந்துவிட்டார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், பூட்டு இருந்தால் குறியீடு சரியாக இருந்தும் நகராது.

வரிசையும் முக்கியம். முதலில் டொமைன் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனத்தில் உங்கள் சொந்தக் கணக்குக்கு டொமைனை மாற்றுங்கள், அதன் பிறகு உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். பெயரை முதலில் மாற்றினால் டாட் காம் போன்ற முகவரிகளுக்கு 60 நாள் பூட்டு விழக்கூடும். எங்களிடம் 60 நாள் எங்கே இருந்தது? ஐந்து நாளில் மாறியது, காலாவதியும் ஓராண்டு தள்ளிப்போனது.

செர்வர் எடுப்பது பத்து நிமிட வேலை. சிங்கப்பூர் மையம், உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வகை, ஒரு ஜிபி நினைவகம். அந்த ஒரு ஜிபியில் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் திடீர் திடீரென்று செத்து விழும், 2 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவ வட்டில் ஒதுக்கும் இடம்) சேர்த்துவிட்டால் தாங்கும். வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இயக்கும் முன், தொலைவிலிருந்து செர்வருக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள். நான் மறந்தேன், இருந்த இணைப்பு அறுந்ததும் மறுபடி நுழைய முடியவில்லை. செர்வர் நிறுவனத்தின் வலைத்திரை வழியாகப் போய்த்தான் திறந்தேன்.

மறைச்சொல் நுழைவை அடைத்துவிட்டு, சாவிக் கோப்பு உள்ளவர் மட்டுமே வரலாம் என்று அமைத்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொந்த அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், வார இறுதியில் வீட்டுக்கு வந்தவன் தன் மடிக்கணினியில் முயன்று பார்த்துவிட்டு, "மாமா, இன்னும் பாஸ்வேர்ட் கேக்குதே" என்றான். சாவியே இல்லாத மடிக்கணினி அது. நான் எஸ்எஸ்எச் அமைப்பின் முதன்மைக் கோப்பில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். ஆனால் அதே இடத்தில் ஒரு துணை அடைவு இருக்கிறது. செர்வரை உருவாக்கும்போது தானாக விழுந்த ஒரு சின்னக் கோப்பு அதற்குள் 'வேண்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. துணை அடைவைத்தான் முதலில் படிக்கும், முதலில் படித்ததுதான் செல்லும். முதன்மைக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை. அந்த நுழைவைக் கவனிக்கும் எஸ்எஸ்எச்டி நிரலைப் பெரிய 'டி' விருப்பத்தோடு இயக்கினால், கடைசியில் உண்மையாக எந்த அமைப்பு நடப்பில் இருக்கிறது என்று காட்டும். கோப்பை நம்பாதீர்கள், அதை நம்புங்கள். பதிவேட்டைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று எங்கிருந்தெல்லாமோ கதவைத் தட்டியிருந்தார்கள், பக்கம் பக்கமாக. திரும்பத் திரும்பத் தட்டுபவர்களைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் போட்ட பிறகுதான் அடங்கியது.

அடுத்து வந்தது என் நெஞ்சை உலுக்கிய கட்டம். பழைய தரவுத்தளத்தை ஏற்றி, கும்பாபிஷேகப் பட்டியலைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்'உமாகக் குப்பையாகத் தெரிந்தது. முந்நூறு பேருக்கு மேல் பெயர் கொண்ட பட்டியல், அதற்கு வேறு பிரதி கிடையாது.

பதறாதீர்கள் என்று எனக்கு யாராவது அன்று சொல்லியிருக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பழைய அட்டவணைகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன் 1 என்று அறிவிக்கப்பட்டிருந்தன, ஆனால் உள்ளே கிடந்தது யூடிஎஃப் 8 பைட்கள். நகல் எடுக்கும் நிரல் அதை லத்தீன் என்று நம்பி மறுபடியும் ஒருமுறை மாற்றிவிட்டது. அதனால்தான் ஒரு எழுத்து மூன்றாக உடைந்து தெரிந்தது. குப்பையாகத் தெரிந்தால் பைட்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன, மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்தான் ஆபத்து, அந்தப் பிரதியில் எழுத்துகள் போய்விட்டன. நான் பழைய செர்வரிலிருந்து இன்னொரு நகல் எடுத்தேன், இம்முறை நகலெடுக்கும் எழுத்துமுறை லத்தீன் 1 என்று சொல்லி. அந்தக் கோப்புக்குள் லத்தீன் 1 என்று இருந்த அறிவிப்புகளை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப் 8-இன் பெயர்) என்று மாற்றி ஏற்றினேன். பக்கத்தைத் திறந்தபோது முதல் வரியில் என் தாத்தா பெயர். ஐந்து வெள்ளி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதனால் சொல்கிறேன், பழைய ஹோஸ்டிங் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். புது இடத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தையும் கண்ணால் படித்துப் பார்க்கும்வரை அது இருக்கட்டும்.

அகப்பக்கத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் கோப்புகளை நான் அங்கிருந்து கொண்டுவரவில்லை. புதிதாக இறக்கினேன், படங்களை மட்டும் எடுத்தேன். படங்கள் இருக்க வேண்டிய அடைவில் பிஎச்பி நிரல் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடியதில், ஒரு பழைய மாதத்தின் திருவிழாப் படங்களுக்கு நடுவே ஒன்று உட்கார்ந்திருந்தது. திருடன் வந்துபோன வாசல் அதுதான். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு தீமின் (பக்கத் தோற்ற வடிவமைப்பின்) திருட்டுப் பிரதியை அந்த நிறுவனம் போட்டிருந்தது, அந்தக் கோப்பு அதன் வழியாக வந்திருக்கும் என்பது என் எண்ணம். இப்போது பக்கங்களை அனுப்பித் தரும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் அமைப்பில், படங்களின் அடைவுக்குள் பிஎச்பி ஓடவே கூடாது என்று அடைத்திருக்கிறேன். அனுமதிச் சிக்கல் வந்தால் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடு என்று இணையத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். அடைவுக்கு 755, கோப்புக்கு 644 போதும். பயனர் பட்டியலையும் பாருங்கள், எங்களுடையதில் யாருக்கும் தெரியாத ஒரு நிர்வாகி இருந்தார்.

அப்புறம், இணைப்பைப் பாதுகாப்பானதாக்கும் சான்றிதழ். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது, சர்ட்பாட் நிரல் ஒரு கட்டளையில் வாங்கித் தரும் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குத் தோல்வி, தோல்வி, தோல்வி. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து முறை சரிபார்ப்பில் தோற்றால் அந்தப் பெயருக்கு மேலே முயல விடமாட்டார்கள். அதையும் தொட்டுவிட்டேன். உலாவியில் பக்கம் புது செர்வரிலிருந்துதான் வருகிறது, சரிபார்ப்புக்கு அவர்கள் தேடிவரும் கோப்பு மட்டும் அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இரவு ஒரு மணிக்குத்தான் புரிந்தது. பெயரைச் செர்வர் எண்ணோடு இணைக்கும் பழைய டிஎன்எஸ் பதிவுகளை நான் அப்படியே நகலெடுத்திருந்தேன். 'ஏ' பதிவில் புது எண்ணைப் போட்டேன், நான்கு 'ஏ' பதிவை, அதாவது ஐபிவி6 முகவரியை, தொடவே இல்லை. அது இன்னும் பழைய செர்வரைக் காட்டிக்கொண்டிருந்தது. ஐபிவி6 இருந்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் அந்த வழியாகத்தான் முதலில் வரும். பழைய செர்வரும் கதவைத் திறந்து, 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை நீக்கினேன், சிறிது நேரம் காத்திருந்தேன், சான்றிதழ் வந்துவிட்டது. முதலில் சோதனை முறையில் ஓட்டிப் பாருங்கள், அந்த வரம்பு உங்களைத் தொடாது.

சான்றிதழ் 90 நாள்தான், சர்ட்பாட் தானாகவே புதுப்பிக்கும். ஆனால் நான் பயன்படுத்திய வெப்ரூட் முறையில் (சரிபார்ப்புக் கோப்பைப் பக்க அடைவில் வைப்பதோடு நிற்கும் முறை), புதுச் சான்றிதழ் வந்தாலும் என்ஜின்எக்ஸைத் திரும்பப் படிக்கச் சொல்லாவிட்டால் அது பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது மாதம் ஒரு காலையில் செயலாளர் டீச்சர், "தம்பி, சிவப்பா எச்சரிக்கை வருது" என்று கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. புதுப்பித்ததும் ரீலோட் செய் என்று ஒரு வரி சேர்த்தேன், முடிந்தது. காலாவதி நெருங்குகிறது என்று முன்பு மின்னஞ்சல் வரும், 2025 ஜூனிலிருந்து அதையும் நிறுத்திவிட்டார்கள். நீங்களேதான் கண் வைத்திருக்க வேண்டும்.

கூகுளில் ஒட்டியிருந்த சூதாட்டப் பக்கங்கள் உடனே போகவில்லை. தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் உரிமையை நிரூபித்து, மறு ஆய்வு கேட்டு, அந்தப் போலி முகவரிகளுக்கெல்லாம் 'நிரந்தரமாக நீக்கப்பட்டது' என்ற 410 பதில் கொடுத்து வைத்தேன். வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள் ஜொகூர் அக்கா தேடிப் பார்த்துவிட்டு, அம்மன் படம் மட்டும் தெரியும் திரையைப் புலனத்தில் அனுப்பினார்.

இப்போது தினமும் இரவு நகல் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புகிறது. மாதம் ஒருமுறை அந்த நகலை வீட்டுக் கணினியில் ஏற்றி, தாத்தா பெயர் தமிழில் தெரிகிறதா என்று பார்க்கிறேன். பதிவாளர் கணக்கு கோயில் மின்னஞ்சலில் இருக்கிறது, டீச்சருக்கும் எனக்கும் மறைச்சொல் தெரியும். மாற்றத்துக்குக் கட்டிய ரசீதை அச்செடுத்துக் கொடுத்தேன், பொருளாளர் ஐயா நான்காக மடித்து மைலோ டின்னில் போட்டுக்கொண்டார்.