ஆறு கோட்டுக் கணக்கு

ஜூன் 2, ஞாயிறு

கிட்டார் டேப் படிக்க உட்கார்ந்தேன்; எந்தக் கம்பியில் எங்கே விரல் வைக்க வேண்டும் என்று கோட்டின் மேல் எண்ணாக எழுதிய தாள். ஆறு கோடு, ஆறு கம்பி. மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த கம்பிதானே மேலே தெரிகிறது? அதனால் மேல் கோடு அதுதான் என்று முடிவு கட்டி ஒரு மணி நேரம் வாசித்தேன். அபஸ்வரம். மேல் கோடு மெல்லிய கம்பியாம்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிறந்திருந்தால் நான் செய்தது சரி. அவர்களுடைய லூட் என்ற பழைய கம்பி வாத்தியத்தின் டேப்பில் தடித்த கம்பிக்குத்தான் மேல் கோடு. 1536இல் ஸ்பெயினின் வலென்சியாவில் விவேலாவுக்கு (கிட்டார் மாதிரியான பழைய வாத்தியம்) பாடப் புத்தகம் போட்ட லூயிஸ் மிலான், இன்றைக்கு இருப்பது போல மெல்லியதை மேலே வைத்தார். அவர்மேல் கொஞ்சம் கோபம்.

ஜூன் 5, புதன்

எண் என்றால் ஃப்ரெட், அதாவது கழுத்தில் எத்தனையாவது கட்டத்தில் அழுத்த வேண்டும் என்பது. சைபர் என்றால் கம்பியைப் பிடிக்காமல் மீட்ட வேண்டும். விரல் நுனி எரிகிறது. சாம்பார் சாதம் பிசைய முடியவில்லை, ஸ்பூன்.

ஜூன் 16, ஞாயிறு

ஏ மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து ஸ்வர வரிசை. தடித்த கம்பியில் 5, 8. அடுத்த மூன்றிலும் 5, 7. கடைசி இரண்டில் மறுபடி 5, 8. பத்து நிமிஷம் ஏற்றி இறக்கியிருப்பேன். அடுப்படியிலிருந்து அம்மா: "சுத்த தன்யாசியை ஏன்டா டைப் அடிக்கிற மாதிரி வாசிக்கிற?"

கல்யாணத்துக்கு முன்னால் வீணை கற்றவள். அந்த ராகம் ச க ம ப நி. ஐந்தே ஸ்வரம், அதேதான். எனக்கு உறைக்கவே இல்லை.

ஜூன் 19, புதன்

மூன்றாம் கம்பி, 7ஆம் ஃப்ரெட், பக்கத்தில் 'பி' என்ற எழுத்து. பெண்ட். கம்பியைத் தள்ளி 9இன் ஒலியைக் கொண்டு வர வேண்டும். "ம-வைப் பிடிச்சு ப-வுக்கு இழுக்கிற, பாதி வழியில நின்னுடுற" என்றாள் அம்மா. வீணையிலும் கம்பியை இழுப்பார்கள்; அவளை ஏமாற்ற முடியாது.

ஜூன் 23, ஞாயிறு

ப்ளூஸ் துணுக்கு ஒன்று. தடித்த மூன்று கம்பியில், கம்பிக்கு இரண்டு எண்: 5 8 5 7 5 7. எண் ஒன்றுகூடத் தப்பவில்லை, ஆனாலும் பாட்டு வரவில்லை. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"இதுல எது குறில், எது நெடில்?"

தாளில் அது இல்லை. பழைய லூட் டேப்பில்கூடக் கோடுகளுக்கு மேலே கால அளவைக் காட்டக் குட்டிக் கொடிகள் உண்டு. இப்படி வெறும் எழுத்தில் தட்டி வைக்கிற டேப்பில் பெரும்பாலும் எதுவும் கிடையாது. விரல் போகும் இடம் தெரியும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாது. அவளுடைய பழைய நோட்டில் 'ச' ஒரு அட்சரம், 'சா' இரண்டு. அவ்வளவுதான் விஷயம்.

மூலப் பதிவைப் போனில் போட்டேன். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டாள். "திஸ்ரம்டா, மூணு மூணா எண்ணணும். நெடில் குறில், நெடில் குறில்."

எண்களுக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்: சா க மா ப நீ ச. வாசித்தேன்.

"நி-யில அவசரப்படுற" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே.