ஹெட் போல்ட்டிலிருந்து காப்புரிமை வரை

பவர்ட்ரெயின், அதாவது வண்டியை ஓட்டும் எஞ்சின், கியர் பகுதிகளின் துறையில் புதிதாகச் சேரும் பொறியாளரிடம் யாரும் முழு எஞ்சினைத் தூக்கிக் கொடுப்பதில்லை. ஒரு போல்ட், கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கெட், ஆயில் பம்ப்பைத் தாங்கும் ஒரு பிராக்கெட் என்று ஏதாவது சின்னப் பாகம்தான் முதலில் வரும். பலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கோடு பூட்டும் சிலிண்டர் ஹெட் போல்ட்டை ஒழுங்காகப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் பிடிக்கும். அப்படிக் கற்ற ஒரு வருஷம் பின்னால் வரும் முப்பது வருஷத்துக்கும் கைகொடுக்கும்.

அந்த போல்ட்டையே பார்ப்போம். டார்க்கை, அதாவது திருப்பு விசையை, அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணை வைத்து போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய 90 சதவீதம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடும். மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டி, ஹெட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. மரையில் எண்ணெய் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலே கணக்கு மாறிவிடும். ஒரே டார்க்கில் முடுக்கிய பத்து போல்ட்டுகளின் இழுவிசை 25, 30 சதவீதம் வரை ஏறி இறங்கி நிற்கும். இதனால்தான் முதலில் குறைந்த டார்க்கில் போல்ட்டை உட்கார வைத்து, பிறகு 90 டிகிரி, மறுபடியும் 90 டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்புகிறார்கள். பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.5 மி.மீ. உள்ள எம்10 (10 மி.மீ. விட்ட) போல்ட், 180 டிகிரி திரும்பினால் 0.75 மி.மீ. உள்ளே இறங்கும். அதில் ஒரு பங்கு ஹெட்டும் கேஸ்கெட்டும் அமுங்குவதில் செலவாகும், மீதி போல்ட்டின் நீட்சி. போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் யீல்டு புள்ளியைத் தொட்ட பிறகு கோணம் ஐந்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் இழுவிசை பெரிதாக மாறாது. அதனால் போல்ட்டுக்குப் போல்ட் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. ஆனால் அப்படி நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. கழற்றியதை மறுபடி போட்டால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் நடக்கும். போல்ட் துளை அடி மூடியது. அதில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருக்க, மேலே போல்ட்டை முடுக்கினால் அது பிஸ்டன் போலத் திரவத்தை அழுத்தும். திரவம் சுருங்காது, பிளாக்தான் விரிசல் விடும். அசெம்ப்ளிக்கு முன்னால் துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லும் அந்த ஒரு வரி வழிமுறைக்குப் பின்னால் உடைந்த பிளாக்குகள் எத்தனையோ இருக்கின்றன.

போல்ட் விவகாரம் அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி நான்கு போல்ட்டுகள். நான்கும் இழுக்கும்போது வட்டமான சிலிண்டர் துளை மெல்ல நான்கு இதழ் வடிவத்துக்குப் போகும். மைக்ரான் கணக்கில்தான் இந்தக் கோணல் இருக்கும், ஆனால் பிஸ்டன் ரிங்கால் அந்த வடிவத்தை முழுசாகப் பின்தொடர முடியாது. இடைவெளி வழியாக எரிந்த வாயு கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறும். ஆயில் குடிக்கிறது என்று புகார் வந்தால் எல்லோரும் முதலில் ரிங்கைத்தான் சந்தேகிப்பார்கள், குற்றவாளி போல்ட்டாக இருக்கும். இதற்கு இரண்டு மருந்து உண்டு. மரை பிளாக்கின் மேல்முகத்திலேயே தொடங்காமல் நன்றாகக் கீழே தொடங்க வேண்டும், அப்போது இழுவிசை துளையின் மேல்பகுதியைக் கடிக்காது. இரண்டாவது, சிலிண்டர் துளையைத் தேய்த்து மெருகேற்றும் ஹோனிங் செய்யும்போதே ஹெட்டுக்குப் பதிலாகக் கனமான டார்க் பிளேட்டை அதே இழுவிசையில் பூட்டிவிட வேண்டும். போல்ட் இறுகிய நிலையில் வட்டமாகக் கடைந்த துளை, எஞ்சின் பூட்டிய பிறகும் வட்டமாக இருக்கும்.

எஞ்சினில் எந்தப் பாகமும் தனியாக இல்லை. இதை ஆயிரம் முறை வகுப்பில் கேட்டாலும், ஆயில் குடிக்கும் எஞ்சின் ஒன்றைப் பிரித்து அதன் காரணத்தை ஹெட் போல்ட்டின் மரையில் கண்டுபிடிக்கும்போதுதான் உறைக்கும். கண்டுபிடிப்புகளும் இந்த இடத்திலிருந்துதான் முளைக்கின்றன. எஞ்சின் துறையில் யோசனைகளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை, பெரும்பாலானவை நூறு வருஷத்துக்கு முன்பே காகிதத்தில் ஏறிவிட்டன. ஒரு யோசனை ஏன் அப்போது ஓடவில்லை, பக்கத்திலிருந்த எந்தப் பாகம் அதைத் தடுத்தது என்று பார்க்கத் தெரிந்தவரிடம்தான் கண்டுபிடிப்பு வருகிறது.

டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவு வாயுவின் சக்தியில் டர்பைன் சுழற்றி, அதைக் கொண்டு காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் யோசனைக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூஹி 1905லேயே காப்புரிமை கோரிவிட்டார். பெட்ரோல் காரில் அது விற்பனைக்கு வர 1962 ஆனது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், 10.25:1 என்ற உயர்ந்த சுருக்க விகிதத்தோடு (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு) டர்போவையும் சேர்த்து வந்தது. நாக்கிங், அதாவது கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்துப் பற்றும் கோளாறு, வராமல் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து காற்றோடு தெளித்தார்கள். தொழில்நுட்பமாக அது சரியான வழிதான், ஆவியாகும் திரவம் கலவையைக் குளிர்விக்கும். ஆனால் காரை வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். எஞ்சின் சரியாக இருந்தும் திட்டம் நிலைக்கவில்லை. நாக்கிங்கைக் காதால் கேட்பது போல உணர்ந்து, ஸ்பார்க்கையும் டர்போ அழுத்தத்தையும் தானே குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் டர்போ சாதாரண மனிதர் கைக்கு வந்தது. டர்பைனில் அடிப்படை மாற்றம் எதுவும் இல்லை, தடுத்துக்கொண்டிருந்த பக்கத்து விஷயம்தான் தீர்ந்தது.

நாக் சென்சாரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், இளம் பொறியாளர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. நாக்கிங் என்பது எரிவறைக்குள் வாயு முன்னும் பின்னுமாக அலைபாயும் ஓசை. அதன் அதிர்வெண் சிலிண்டர் விட்டத்தைப் பொறுத்தது. 80 மி.மீ. விட்டம், எரிந்த வாயுவில் ஒலிவேகம் விநாடிக்கு சுமார் 950 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் அதிர்வு ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸில் விழும். சிக்கல் என்னவென்றால் வால்வு இருக்கையில் வந்து உட்காரும் சத்தமும் இன்ஜெக்டர் மூடும் சத்தமும் அதே பகுதியில் விழக்கூடும். அதனால் கிராங்கின் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கோணத்தில் ஒரு ஜன்னல் திறந்து, நாக்கிங் வரக்கூடிய நேரத்தில் மட்டும் கேட்க வேண்டும். சென்சாரைப் பூட்டும் விதமும் முக்கியம். பெயின்ட் இல்லாத தட்டையான முகம் வேண்டும், வாஷர் கூடாது, சொன்ன டார்க் (பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் அளவில்) இருக்க வேண்டும். தளர்வாகப் பூட்டிய சென்சார் செவிடாகிவிடும். பிறகு பிஸ்டன் உருகும்போது கேலிபரேஷனை, அதாவது கட்டுப்பாட்டு அளவுகளை அமைத்த விதத்தை, குறை சொல்வார்கள்.

மாஸ்டா 14:1 சுருக்க விகிதத்தில் சாதாரண பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்தது, தடையைத் தேடிப் போகும் வேலைக்கு அழகான உதாரணம். சுருக்க விகிதம் ஏறினால் திறன் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும், நாக்கிங்தான் தடை. அவர்கள் நாக்கிங்குக்கு என்ன காரணம் என்று இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். முந்தைய சுழற்சியில் எரிந்து வெளியேறாமல் தங்கும் சூடான வாயு, புதிய கலவையைச் சுருக்கத்துக்கு முன்பே சூடாக்குகிறது. அந்த எச்ச வாயுவை 8 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தால், சுருக்க விகிதத்தை 11லிருந்து 14 ஆக்கினாலும் சுருக்க முடிவில் வெப்பநிலை ஏறாது என்பது அவர்கள் கணக்கு. எச்ச வாயு ஏன் தங்குகிறது? பக்கத்து சிலிண்டரின் கழிவு வால்வு திறக்கும்போது கிளம்பும் அழுத்த அலை, சிலிண்டர்களின் கழிவுக் குழாய்கள் சேரும் குட்டையான மேனிஃபோல்டில் திரும்பி வந்து இந்த சிலிண்டருக்குள் வாயுவைத் தள்ளிவிடுகிறது. ஆகவே நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் 4-2-1 என்ற நீண்ட குழாய் அமைப்பு. கார் பந்தயக்காரர்களுக்கு அந்தக் குழாய் பழைய செய்தி. ஆனால் நீளக் குழாயில் வாயு ஆறிவிடும், குளிர் ஸ்டார்ட்டில் கழிவு வாயுவைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சூடேறத் தாமதமாகும், மாசு அளவு எகிறும். அதைத் தீர்க்க ஸ்பார்க்கை நன்றாகத் தாமதித்து வாயுவைச் சூடாக அனுப்ப வேண்டும். அப்படித் தாமதித்தால் எரிதல் தடுமாறும். பிஸ்டன் தலையில் ஒரு குழி வைத்து ஸ்பார்க் பிளக்கைச் சுற்றிச் செறிவான கலவையைச் சேர்த்து அதை நிலைப்படுத்தினார்கள். அந்தக் குழி இன்னொரு வேலையும் செய்கிறது: ஆரம்பச் சுடர் பிஸ்டனில் மோதிக் குளிராமல் காக்கிறது. குழாயில் தொடங்கிய கதை பிஸ்டனில் போய் முடிகிறது. டிராயிங்குகளைத் துறை துறையாகப் பிரித்து வைத்திருக்கும் இடத்தில் இப்படி ஒரு எஞ்சின் பிறப்பது கஷ்டம்.

பழைய யோசனையின் மேல் ஒரே ஒரு படி ஏறினாலும் போதும் என்பதற்கு, அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் சாட்சி. நான்கு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சினில் இரண்டு பிஸ்டன் மேலே போனால் இரண்டு கீழே வரும். முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்வதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் ஓடுகிறது. அந்த வித்தியாசம் கிராங்க் வேகத்தைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் நான்கு சிலிண்டரிலும் ஒரே திசையில் கூடிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சிலிண்டருக்கு மேலும் கீழும் ஓடும் எடை அரைக் கிலோ, கிராங்க் ஆரம் 43 மி.மீ., ஆரத்துக்கும் ராட் நீளத்துக்கும் விகிதம் 0.3, வேகம் 6000 ஆர்பிஎம். நான்குக்கும் சேர்த்து சுமார் 10,000 நியூட்டன். ஒரு டன் எடைக்குச் சமமான உதறல், விநாடிக்கு 200 முறை! இதை எதிர்த்திசைகளில் இரட்டை வேகத்தில் சுழலும் இரண்டு எடைகளால் அடக்கலாம் என்று ஃபிரடெரிக் லான்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். 1970களில் மிட்சுபிஷி அந்த இரண்டு ஷாஃப்டுகளையும் வெவ்வேறு உயரத்தில் வைத்தது. மேலும் கீழுமான உதறலோடு, எஞ்சின் பக்கவாட்டில் உருளப் பார்க்கும் திருப்பமும் அடங்கியது. உயரத்தில் செய்த அந்த ஒரு மாற்றத்துக்கு உரிமக் கட்டணம் கொடுத்துத்தான் போர்ஷே தன் 944 காரில் அதைப் பயன்படுத்தியது.

தடை நீங்கிய இடத்தில் புதுத் தடை முளைப்பதும் உண்டு. சின்ன டர்போ எஞ்சின்கள் பரவியபோது 1500லிருந்து 2500 ஆர்பிஎம்முக்குள், முழுச் சுமையில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் வினோதம் தலைகாட்டியது. ஒரே அடியில் பிஸ்டன் ரிங் பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிடும். ஸ்பார்க்கைத் தாமதித்துப் பயனில்லை, ஏனென்றால் ஸ்பார்க் இன்னும் வரவே இல்லை. சிலிண்டர் சுவரில் பட்ட பெட்ரோல் ஆயிலோடு கலந்து பிஸ்டன் மேல் விளிம்பின் இடுக்கில் தங்கி, துளியாகத் தெறித்துப் பற்றுகிறது என்பது முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. ஆயிலில் இருந்த கால்சியம் டிடர்ஜென்ட் அதைத் தூண்டியது. கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள், 2018ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்என் பிளஸ் ஆயில் தரத்தில் இதற்கென்றே சோதனை வந்தது. எஞ்சின் பக்கத்தில் இன்ஜெக்ஷனை இரண்டு மூன்றாகப் பிரித்து, தெளிப்பு சுவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சின் பொறியாளர் ஆயில் வேதியியலையும் படிக்க வேண்டிய காலம் இது.

இதையெல்லாம் நம்பிக்கையோடு சொல்ல அளவீடு சரியாக இருக்க வேண்டும். எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும் புள்ளி, அதாவது டிடிசி, ஒரே ஒரு டிகிரி பிசகினால் கணக்கிடும் சராசரி அழுத்தத்தில் 10 சதவீதம் வரை பிழை வரும். 2 சதவீத முன்னேற்றத்துக்கு மாதக்கணக்கில் போராடும் குழுவுக்கு அது மொத்த உழைப்பையும் விழுங்கும் பிழை. எரிபொருள் இல்லாமல் எஞ்சினைச் சுழற்றி, அழுத்தம் உச்சமடையும் இடத்தையே டிடிசி என்று எடுப்பது பொதுவான தவறு. வெப்பம் சுவருக்குப் போவதாலும் வாயு ரிங் வழியே கசிவதாலும் உச்சம் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி முன்னதாகவே வந்துவிடும். அந்தத் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது பிஸ்டனை நேரடியாக உணரும் டிடிசி சென்சாரை வைக்க வேண்டும்.

காப்புரிமைக்கான குறிப்பை எழுதும்போதும் தடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரச்சினை என்ன, முன்பு எப்படிச் செய்தார்கள், அது எங்கே தோற்றது, எதை மாற்றினோம், மாற்றம் எந்த எல்லைக்குள் வேலை செய்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சோதித்தது 30 டிகிரி கோணம் என்பதால் 30 டிகிரி என்றே எழுதினால், போட்டியாளர் 32 டிகிரியில் தாராளமாகச் செய்துகொள்வார். 20லிருந்து 45 வரை ஏன் வேலை செய்கிறது, அதற்கு வெளியே ஏன் செய்யாது என்று சோதித்து எழுத வேண்டும். விண்ணப்பிக்கும் முன் கருத்தரங்கில் காட்டிவிட்டால் பல நாடுகளில் உரிமை போய்விடும். கண்டுபிடித்தவர் பட்டியலில் யோசனையைத் தந்தவர்கள் மட்டுமே வர வேண்டும், மரியாதைக்காக மேலதிகாரி பெயரைச் சேர்ப்பது சட்டச் சிக்கலுக்கே வழிவகுக்கும். எல்லாம் சரியாக நடந்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் பாதுகாப்பு.

மின்சார வாகனங்கள் வந்த பிறகு எஞ்சின்காரர்களின் அறிவு வீண் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மோட்டாரின் சுழலாத பாகமான, எஃகுத் தகடுகளால் ஆன ஸ்டேட்டரை அலுமினிய உறைக்குள் இறுக்கமாகச் செருகும் இடத்தைப் பாருங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 200 மி.மீ. விட்டத்தில் வெப்பம் 100 டிகிரி ஏறினால் இறுக்கத்தில் 0.22 மி.மீ. காணாமல் போகும். அதை ஈடுகட்ட இறுக்கத்தைக் கூட்டி வைத்தால், மைனஸ் 40 டிகிரியில் உறை விரிசல் விடப் பார்க்கும், ஸ்டேட்டர் தகடுகள் நசுங்கிக் காந்த இழப்பும் கூடும். அலுமினிய ஹெட்டுக்குள் எஃகு போல்ட் என்ன பாடுபடுகிறது என்று கணக்குப் போட்டவர்களுக்கு இந்தக் கணக்குத் தாள் பழக்கமானது. மேல் எல்லை, கீழ் எல்லை, நடுவே டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்). கடைசல் பிரிவு எத்தனை மைக்ரான் தாங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணை எழுதுவார்கள்.